பழகிவிடும்

கோடை விடுமுறை முடிந்து சூன் திங்களில் பள்ளிகள் திறக்கும்போது, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியில் வீட்டுக்கு வீடு ஒரு சொல் கேட்கும்: 'பழகிவிடும்.' ஊர்த் தொடக்கப்பள்ளியில் ஓரிரு ஆசிரியர்களின் கண்பார்வையில் வளர்ந்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் பேருந்தேறிப் போகிறது. அங்கே மணிக்கொரு ஆசிரியர். முன்பின் அறியாத முகங்கள். பிள்ளை கலங்கி நின்றால் நாம் இச்சொல்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இது பிள்ளைக்குச் சொல்லும் ஆறுதலா, நமக்கு நாமே சொல்லிக்கொள்வதா?

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை இறைவன்முன் எடுத்துரைக்கும் நூலின் தொடக்கப் பகுதியிலேயே தம் பள்ளிநாள்களை நினைவுகூர்கிறார். பள்ளியில் அடிபடாமல் காக்கும்படி அச்சிறுவன் இறைவனிடம் மன்றாடினான். பெரியவர்களோ, அவனுக்குத் தீங்கு நினையாத பெற்றோருங்கூட, அவன் பட்ட அடிகளைக் கண்டு சிரித்தார்கள். நாற்பது வயதைக் கடந்து, ஆயராகவும் ஆன பின்னர் இதை அவர் எழுதுகிறார். அடி ஆறியிருக்கும், சிரிப்பு ஆறவில்லை போலும்.

நம் திருச்சுழியிலேயே 1879-இல் பிறந்தவர் வேங்கடராமன். பின்னாளில் ரமண மகரிஷி என உலகம் அறிந்தவர். ஊர்ப் பள்ளிக்குப் பின் அவர் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டார். 1892-இல் தந்தையார் இறக்கவே, மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கிப் படிக்க நேர்ந்தது. அவருடைய துறவைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம். பன்னிரண்டு வயதுக்குள் ஊரையும் பள்ளியையும் தந்தையையும் இழந்த சிறுவனை யார் பேசுகிறார்கள்?

குருமடத்தில் புனித தோமா அக்குவினாரைப் படித்தபோது, நற்பழக்கமே நற்பண்பாக வேரூன்றுகிறது என்று கற்றோம். உண்மைதான். ஆனால் எல்லாப் பழக்கமும் அவ்வகையன்று. மரத்துப்போவதையும் நாம் பழக்கம் என்றே சொல்கிறோம். அதிகாலையில் எழப் பிள்ளை பழகட்டும்; ஆங்கிலப் பாடத்துக்கும் பழகட்டும். பசிக்கும் பழக வேண்டுமா? 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கென வகுக்கப்பட்டது. உள்ளூரில் படித்தவரை பள்ளியில் காலையுணவு உண்ட பிள்ளை, தொலைவுக்குப் போகத் தொடங்கிய ஆண்டில் வெறும் வயிற்றோடு பேருந்துக்கு ஓடியது. மதியச் சத்துணவுக்கு மணியடிக்கும்வரை அதன் மனம் பாடத்தில் நிற்குமா?

அண்மையில் என் பங்கைச் சேர்ந்த ஒரு தாய் தம் மகனை அழைத்து வந்தார். சீமைக்கருவேல் வெட்டிக் கரிமூட்டம் போடும் குடும்பம். விடுமுறை முழுவதும் பையனும் அங்கேதான் இருந்தானாம். ஆறாம் வகுப்பில் சேர்ந்து பத்து நாள் ஆகியிருந்தது. போகமாட்டேன் என்று நின்றான். திருப்பலிக்கு நேரமாகிவிட்ட அவசரம் எனக்கு. அவன் தலையில் கைவைத்து, "பழகிவிடும், போ" என்றேன். காலாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்குப் போகவில்லை என்பதை மாதங்கள் கழித்தே அறிந்தேன். வீட்டுக்குச் சென்று கேட்டபோது, கரி படிந்த விரல்களைப் பார்த்தபடியே சொன்னான்:

"அங்க எனக்கு நாப்பத்தொண்ணுன்னு பேரு, சாமி."

தமிழில் 'பழகுதல்' என்பதற்கு இரு பொருள் உண்டு. ஒன்றுக்கு உடன்பட்டுப்போவது ஒரு பொருள். ஒருவரோடு உறவாடுவது மற்றொன்று. முதலாவதை ஒருவர் தனியே செய்துவிடலாம். இரண்டாவதற்கு இருவர் வேண்டும். அப்பள்ளியில் அவனோடு யாரும் பழகவில்லை. பள்ளியை மட்டும் குறைசொல்லி நான் தப்ப முடியாது. அன்று அவன் என்முன் நின்றபோது நானும் பெயரைக் கேட்கவில்லை.

மறு சூனில் அவன் மீண்டும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் நாள் அவனோடு பேருந்தில் நானும் போனேன். வழிநெடுக அவன் பேசவேயில்லை. இறங்கும்போது மட்டும், "சாயங்காலமும் வருவீங்களா, சாமி?" என்று கேட்டான்.