யாருமில்லாத கடலுக்கு ஒரு கப்பல்

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீசுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில்தான் இந்தக் கேள்வி வந்தது. துருவக் கடலில் ரோந்து சுற்றுவதற்கென்றே கனடா கட்டிய கப்பல்களைப் பற்றி போனில் படித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்த நண்பன் கேட்டான்: "அங்க யார்ரா இருக்கா? பத்து யூசருக்கு எவனாவது தனியா சர்வர் வைப்பானா?"

சிரித்துவிட்டேன். எங்கள் தொழிலில் அது நியாயமான கேள்வி. எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் எந்த வேலையையும் தொடங்குவோம். ஆள் குறைவென்றால் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலில் போட்டுவிடுவோம். பார்வையற்றவர்கள் எங்கள் ஆப்பைப் பயன்படுத்துவதற்கான ஒரு வேலை அந்தப் பட்டியலில் மூன்று வருடமாகக் கிடக்கிறது. போட்டவன் நான்தான்.

சாயங்காலம் ஆவடிக்குத் திரும்ப அரக்கோணம் லோக்கலில் ஏறியபோது அபிலாஷ் டோமி ஞாபகத்துக்கு வந்தார். அந்நாளில் இந்தியக் கடற்படை அதிகாரி. 2018-ல் கோல்டன் குளோப் பந்தயத்தில் பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றப் போனவர். செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கினார். பாய்மரம் முறிந்தது. முதுகெலும்பில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் அங்கிருந்து சுமார் 1,900 கடல்மைல். நம் கடற்படையின் பி-8ஐ விமானம் மொரீஷியஸிலிருந்து பறந்து போய்ப் படகைக் கண்டுபிடித்தது. அந்த விமானங்களுக்கு அப்போது சொந்த ஊர் அரக்கோணத்திலுள்ள ஐஎன்எஸ் ராஜாளி தளம்.

ஆனால் விமானத்தால் பார்க்கத்தான் முடியும், தூக்க முடியாது. அதற்குக் கப்பல் வேண்டும். 24ஆம் தேதி முதலில் போய்ச் சேர்ந்து அவரைத் தூக்கியது ஒசிரிஸ் என்ற பிரெஞ்சு மீன்வள ரோந்துக் கப்பல்.

அத்தனை தூரத்தில் ஒசிரிஸுக்கு என்ன வேலை? கெர்கேலன், குரோசே தீவுகளைச் சுற்றி, அண்டார்டிகாவை நோக்கி விரியும் குளிர்கடலில், நல்ல விலைக்குப் போகும் டூத்ஃபிஷ் மீனைத் திருடர்களிடமிருந்து காப்பதுதான் வேலை. ஒசிரிஸே ஒரு காலத்தில் திருட்டு மீன்பிடிப்பில் பிடிபட்ட கப்பல். மீனைக் காக்கப் போன கப்பல் ஒரு மனிதனைக் காத்தது. அப்படியானால் எதற்காகக் கட்டினால் என்ன, கப்பல் அங்கே இருந்தால் போதும் என்று விட்டுவிடலாமா?

கனடாவின் கதையைப் படித்தால் அவ்வளவு லேசாக விட முடியவில்லை. வடதுருவக் கடலின் மீதான உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் இழந்துவிடுவோம் என்ற வாதத்தோடு 2007-ல் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் இந்த ரோந்துக் கப்பல்களை அறிவித்தார். 103 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் தடிமனான பனியை உடைத்துக்கொண்டு போகும். முதல் கப்பலான ஹாரி டெவுல்ஃப் 2021-ல்தான் கடற்படையில் சேர்ந்தது. மீட்புப் பணியும் அதன் வேலைப் பட்டியலில் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் என்று கேட்டிருந்தால் காசு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அதே கடலில் அதற்கு முன்பு சி.டி. ஹோவ் என்ற ரோந்துக் கப்பல் ஓடியது. அதில் டாக்டர் இருந்தார், காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே கருவி இருந்தது. 1953-ல் அதே கப்பல்தான் இனுக்ஜுவாக் பகுதி இனுயிட் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போனது; ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வடக்கே, கிரீஸ் ஃபியோர்டு பகுதியிலும் ரெசொலூட்டிலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். அங்கே வேட்டை நன்றாகக் கிடைக்கும் என்றது அரசு. பிடிக்காவிட்டால் இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. 'எங்களைக் கொடிக்கம்பமாக நட்டுவிட்டார்கள்' என்பது அந்த மக்களின் குற்றச்சாட்டு. இடம்பெயர்த்ததற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2010-ல்.

ஆளில்லை, கப்பல் எதற்கு என்றான் நண்பன். உரிமை வேண்டும், ஆளைக் கொண்டுபோய் வை என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் எதிரெதிராகத் தெரிந்தாலும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. இரண்டிலும் மனிதன் இன்னொன்றை நியாயப்படுத்தும் எண்ணிக்கை மட்டும்தான்.

கடலின் சட்டம் வேறு மாதிரி. கூக்குரல் கேட்ட கேப்டன், தன் கப்பலுக்கு ஆபத்தில்லையென்றால் போயாக வேண்டும். எந்த நாட்டுக்காரன், ஏன் அங்கே போனான் என்று கேட்கக் கூடாது. 1979-ல் உருவான தேடல்-மீட்பு ஒப்பந்தத்தின்படி உலகின் கடல்பரப்பையே நாடுகள் பொறுப்பு பிரித்துக்கொண்டிருக்கின்றன. யாருமில்லாத கடல் என்று அதில் ஒன்று கிடையாது.

சட்டம் அப்படி. நடைமுறை? அபிலாஷ் மீட்கப்படுவதற்குப் பத்து மாதம் முன்பு, 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் வந்தது. கன்னியாகுமரியின் ஆழ்கடல் மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. கடற்படையும் கடலோரக் காவல்படையும் பலரை மீட்டன, உண்மைதான். ஆனாலும் இன்னும் ஆழத்துக்குப் போய்த் தேடுங்கள் என்று கேட்டுக் கேட்டு, டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள் அந்த ஊர் மக்கள். பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அபிலாஷுக்காக எடுத்த முயற்சியில் ஒரு துளியும் அதிகமில்லை. அதே அளவு அக்கறை தங்கள் பிள்ளைகளுக்கும் கிடைத்ததாக அந்தத் தாய்மார்கள் நம்பவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. தொலைவு என்பது கடல்மைல் கணக்கு மட்டுமில்லை.

அதனால் துருவக் கடலுக்குக் கப்பல் திட்டமிடுபவர் பனியின் தடிமனோடு இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும்: கூப்பிட்டால் இது யாருக்காகத் திரும்பும்? பெரிய அலையிலும் இறக்கக்கூடிய சிறுபடகு, நோயாளிக்குக் கூடுதலாக இரண்டு படுக்கை, பாதை மாறிப் போய்வரத் தேவையான எரிபொருள். இதெல்லாம் பார்ப்பதற்கு இன்ஜினியரிங். உண்மையில் அற முடிவுகள்.

காசு? அது நிஜமான கேள்விதான். எல்லா இடத்திலும் கப்பல் நிறுத்த எந்த நாட்டாலும் முடியாது. முடியாது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் முடியவில்லை என்பதும் அங்கே யாருமில்லை என்பதும் ஒன்றல்ல.

மறுநாள் டீக்கடையில் நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரி, அந்தப் பழைய டிக்கெட்ட என்னடா பண்ணப்போற?" என்றான். டீயைக் குடித்துவிட்டு மேலே போய்ப் பட்டியலைத் திறந்தேன்.