வாசலில் இருப்பவருக்கு விண்ணகத்தைக் காட்டாதீர்கள்

ஆண்டின் பொதுக்காலம் 26ஆம் ஞாயிறு, லூக்கா 16:19-31



இன்றைய நற்செய்தியில் வரும் செல்வர் ஏழை இலாசரை அடித்தார் என்று இல்லை, விரட்டினார் என்றும் இல்லை. வாசலில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார், அவ்வளவுதான். அவர் உடுத்தியிருந்த துணியின் தரத்தை லூக்கா முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். பட்டு நெய்யும் காஞ்சியில் நின்று இந்தப் பகுதியை வாசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். பாதாளத்தில் தவிக்கும்போது, யாரையாவது அனுப்பும் என்று அவர் ஆபிரகாமிடம் கேட்கவில்லை. இலாசரை அனுப்பச் சொல்லிப் பெயரைச் சொல்லியே கேட்கிறார். அப்படியானால் வாசலில் கிடந்தவர் யார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் தினமும் தாண்டிப் போயிருக்கிறார்.

திருப்பலி முடிந்ததும் செல்பேசியை நீட்டிப் படம் காட்டும் தாய்மார்கள் நம் பங்கிலும் உண்டு. மகன் அமெரிக்காவில் குடிமகனாக உறுதிமொழி எடுத்த நாள். கோட்டு போட்டிருக்கிறார், கையில் சின்னக் கொடி, பக்கத்தில் மருமகள், இடுப்பில் குழந்தை. அந்த ஒரு படத்துக்குப் பின்னால் எவ்வளவு காத்திருப்பு! முதலில் வேலை விசா. பிறகு இந்தியர்களுக்கென்றே நீண்டு கிடக்கும் கிரீன் கார்டு வரிசை. அது கிடைத்து ஐந்து ஆண்டு கழித்து விண்ணப்பம், கைரேகை, நேர்காணல். அந்த நாட்டின் வரலாற்றிலும் அரசமைப்பிலும் நூறு கேள்விகளைப் படித்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. அதிகாரி பத்து வரை கேட்பார், ஆறு சரியாக இருந்தால் தேர்ச்சி என்று அப்போது இருந்தது. மகன் அங்கே படித்துக்கொண்டிருக்க, அம்மா இங்கே வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்வார். இதையெல்லாம் குறை சொல்ல நான் வரவில்லை. காத்திருந்தவருக்குக் கதவு திறந்தது, நன்றி சொல்ல வேண்டியதுதான். அந்த வரிசை எவ்வளவு நீளமானாலும் அதற்கு ஒரு முனை இருந்தது. முனையே தெரியாத ஒரு வரிசை நம் மாநிலத்தில், நம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

உங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்களில் ஒருவருடைய பேச்சில் மன்னாரோ யாழ்ப்பாணமோ லேசாகத் தட்டியிருக்கும். எந்த ஊர் தம்பி என்று கேட்டால் ஒரு முகாமின் பெயரைச் சொல்லியிருப்பார். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளை அவர், சில வீடுகளில் பேரப்பிள்ளை. தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஏறத்தாழ 58 ஆயிரம் பேர் இருக்கிறார்கள். காவல் நிலையத்தில் வெளிப்பதிவு செய்துகொண்டு வாடகை வீடுகளில் வாழ்பவர்கள் தனி. 2021இல் மாநில அரசு இந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது, புது வீடுகள் கட்டத் தொடங்கியது, குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடையை 1,500 ரூபாய் ஆக்கியது. நல்ல காரியம், மனமார வாழ்த்துவோம். ஆனால் தணிக்கை நாள் வந்தால் அந்தத் தம்பி தூரிகையை வாளியில் போட்டுவிட்டு, அன்றைய கூலியை விட்டுவிட்டு, முகாமுக்குப் போய் வருவாய் ஆய்வாளர் முன்னால் நின்றாக வேண்டும். பொறியியல் பட்டம் வாங்கியிருந்தாலும் அரசு வேலைக்கு மனுப் போட முடியாது. வாக்குச் சீட்டு கிடையாது.

முகாம்களுக்குப் போய்வரும் எந்தக் குருவைக் கேட்டாலும் ஒரு பிளாஸ்டிக் பையைப் பற்றிச் சொல்வார். கூரை ஒழுகினால் அந்த வீட்டுப் பெண் முதலில் எடுத்து மார்போடு அணைப்பது அதைத்தான். உள்ளே முகாம் பதிவு அட்டை, குடும்ப அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், ஞானஸ்நானச் சான்று. ஒன்றில் பெயர் ஒரு எழுத்து கூடியிருக்கும், இன்னொன்றில் குறைந்திருக்கும். சில பைகளில் மடிப்பெல்லாம் கிழிந்த பழைய இந்தியக் கடவுச்சீட்டு ஒன்றும் இருக்கும், கண்டியில் வழங்கியது.

அது எப்படி அங்கே வந்தது? இலங்கை 1948இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு பிரிக்கிறவன்கூட ஆடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பான். தலைமன்னாருக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே கப்பல் ஓடிய வரை மக்கள் வந்தார்கள். 1984இல் கப்பல் நின்றுபோனது. இந்தியாவுக்கு விண்ணப்பித்துவிட்டு அங்கேயே மாட்டிக்கொண்டவர்களில் பலர் பிறகு கலவரத்துக்கும் போருக்கும் தப்பிப் படகில் வந்து சேர்ந்தார்கள். கப்பலில் வந்தவருக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர், படகில் வந்தவருக்கு அகதி என்று பெயர். அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு 2003இல் இலங்கை ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்துவிட்டது. இங்கே வந்தவர்கள்தான் இன்னும் பையை அணைத்துக்கொண்டு இருக்கிறார்கள்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும், 2004 டிசம்பருக்குப் பின் அதுவும் இன்னும் இறுகியது. ஆக, ஒரே முகாமில் ஒரே தாய் பெற்ற பிள்ளைகளில் அண்ணன் இந்தியர், தங்கை அந்நியர். மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண் 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் ஆணை பெற்று, அதன் பிறகு கடவுச்சீட்டு வாங்கி, 2024 ஏப்ரல் 19 அன்று திருச்சியில் முதல்முறையாக வாக்களித்தார். ஏறக்குறைய முப்பத்தெட்டு வயதில்! அதுவும் பிறந்த நாளிலிருந்தே அவருக்குச் சொந்தமாக இருந்த உரிமை.

மற்றவர்கள் விண்ணப்பித்து வாங்கலாமே என்பீர்கள். நீண்ட காலம் வாழ்ந்தவர் மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பித்து, உறுதிமொழி எடுத்துக் குடிமகனாகும் வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் கடவுச்சீட்டு இல்லாமல் நுழைந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவருக்கு அந்த வழி இல்லை என்று 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. குண்டு விழுகிற இரவில் விசா வாங்கிக்கொண்டு யார் படகேறினார்? 2019 ஜூனில் மதுரைக் கிளை இவர்களுடைய கோரிக்கையைப் பரிவோடு பார்த்துத் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டது: 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்காகத் தண்டனை கிடையாது. நிம்மதிதான். ஆனால் தண்டிக்க மாட்டோம் என்பது வேறு, நீ எங்களவன் என்பது வேறு. நேர்காணலுக்கு அழைப்பு வராதா என்று அமெரிக்காவில் உங்கள் பிள்ளை காத்திருந்தார். இவர்கள் நேர்காணல் உள்ள வரிசையில் தங்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எங்களைப் போன்ற குருக்கள் ஒரு வேலை செய்வோம். பிலிப்பியர் திருமுகத்தை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போவோம். நமக்குக் குடியுரிமை விண்ணகத்தில் இருக்கிறது என்று பவுல் சொல்கிறாரே, இங்கே கிடைக்காவிட்டால் என்ன என்று ஆறுதல் சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, ஆதார் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவோம். அதை இனிச் செய்யக் கூடாது.

ஏனென்றால் பவுல் அப்படிச் செய்யவில்லை. பிலிப்பி நகரில் விசாரிக்காமல் அவரை அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் சத்தமில்லாமல் போய்விடு என்று ஆள் அனுப்பியபோது, நாங்கள் உரோமைக் குடிமக்கள், அதிகாரிகளே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துவிட்டார். எருசலேமில் சாட்டையடிக்காக அவரைக் கட்டியபோதும் அதே உரிமையைத்தான் நூற்றுவர் தலைவரிடம் எடுத்துச் சொன்னார். ஆயிரத்தவர் தலைவர் ஓடி வந்து, நான் இந்த உரிமையைப் பெரும் பணம் கொடுத்து வாங்கினேன் என்கிறார். நானோ பிறப்பிலேயே அதை உடையவன் என்கிறார் பவுல். திருத்தூதர் பணிகள் 22ஆம் அதிகாரம், வீட்டில் போய் வாசியுங்கள். கடைசியில் சீசரிடமே மேல்முறையீடு செய்தார். விண்ணகக் குடியுரிமையைப் பற்றி எழுதியவர், மண்ணின் குடியுரிமையைத் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் எடுத்துக் காட்டியவர். அதுவும் எந்த ஊரில் தடியடி பட்டாரோ அந்த ஊர்ச் சபைக்குத்தான் அந்த வரியை எழுதினார். அதைக் கேட்டவர்களுக்கு அவர் முதுகும் தெரியும், அவர் உரிமை கேட்டதும் தெரியும்.

இன்றைய உவமையும் அப்படித்தான். இலாசர் ஆபிரகாமின் மடியில் இளைப்பாறுகிறார் என்பதை வைத்துக்கொண்டு, ஏழையே பொறு, செத்தபின் சுகம் என்று பிரசங்கம் செய்தவர்கள் உண்டு. இயேசு இந்தக் கதையை இலாசர்களிடம் சொல்லவில்லை. பண ஆசை பிடித்த பரிசேயர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார் என்று லூக்காவே குறித்திருக்கிறார். கதையும் இலாசரோடு முடியவில்லை, செல்வருடைய ஐந்து சகோதரர்களில் வந்து நிற்கிறது. அவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், வாசலும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அந்த ஐந்து பேர் நாம்தான்.

இந்த நாடு தர்மசாலை அல்ல என்ற பேச்சு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்திலேயே ஒரு வழக்கில் எழுந்தது. சத்திரங்கள் கொண்ட காஞ்சியில் அதைச் செய்தித்தாளில் படித்தபோது எனக்கு என்னவோ போல் இருந்தது. இவர்கள் சத்திரத்துத் திண்ணையைக் கேட்கவில்லையே. உங்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம், அதை வாய்விட்டு உறுதிமொழியாகச் சொல்ல ஒரு நாள் கொடுங்கள் என்றல்லவா கேட்கிறார்கள்?

நம் ஊர்ப் பட்டுச் சேலையையே பாருங்கள். நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. தறிக்குழியில் கால் வைத்த குடும்பங்களில் கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. இத்தனையும் சேர்ந்து பிள்ளையார்பாளையத்துத் தறியிலிருந்து இறங்கினால் அது காஞ்சிபுரம் பட்டு. 2005-06இல் புவிசார் குறியீடு கொடுத்து அரசே அதைச் சட்டப்படி நம்முடையது என்று ஒப்புக்கொண்டிருக்கிறது. நூலுக்குக் கிடைத்தது ஆளுக்குக் கிடைக்க நாற்பது ஆண்டு போதாதா?

இந்தக் கோவிலில் இருக்கும் நம்மில் பெரும்பாலானோர் இந்த நாட்டுக்கான உறுதிமொழியை ஒருநாளும் எடுத்ததில்லை. பிறந்தோம், கிடைத்தது. திருமுழுக்கும் அப்படித்தான், கைக்குழந்தையாக இருந்த நமக்காக ஞானப் பெற்றோர் பதில் சொன்னார்கள். வயது வந்தபின் மறைக்கல்வி படித்து, மாதக் கணக்கில் காத்திருந்து, பாஸ்கா இரவில் தண்ணீரில் இறங்குகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? தான் எதைப் பெறுகிறோம் என்று அவருக்குத் தெரிகிற அளவுக்கு நமக்குத் தெரிவதில்லை. ஆகவே பிறப்புரிமைக்காரர்கள் என்று நாம் மார்தட்ட ஒன்றுமில்லை. பவுலும் அந்த ஆயிரத்தவர் தலைவரிடம் அதை அடியிலிருந்து தப்பிக்கத்தான் சொன்னார், அவரை மட்டம் தட்ட அல்ல.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நம் பங்கின் எல்லைக்குள் வெளிப்பதிவில் வாழும் இலங்கைக் குடும்பங்கள் இருந்தால் அவர்களை அழைத்து வாருங்கள். வாடகைக்கு வீடு கேட்டால், ஊர்ப்பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள். அவர்கள் பிள்ளைகளின் திருமுழுக்குப் பதிவு நம் ஏட்டில் இருந்தால், சான்று எத்தனை பிரதி வேண்டுமானாலும் அலுவலகத்தில் கட்டணமின்றிக் கொடுப்போம். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் அதைச் சரிசெய்ய எங்கே மனுப் போட வேண்டும் என்று தெரிந்தவர்கள் நம் பங்கில் இருக்கிறீர்கள். வழக்கறிஞர்களும் வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவர்களும் மாதம் ஒரு ஞாயிறு மாலை உட்கார்ந்தால் போதும். 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும் இயேசு சபையினரின் அகதிகள் பணியும் இந்தத் துறையில் நீண்ட காலம் உழைத்து வருகின்றன. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம், அவர்களிடம் கேட்டுச் செய்யலாம்.

அமெரிக்காவிலோ கனடாவிலோ உறுதிமொழிக்கு நாள் வர வேண்டும் என்று பிள்ளைக்காகக் கருத்துத் திருப்பலி கேட்கும் பெற்றோரே, அந்தக் கருத்தோடு முகாமில் ஒரு பிள்ளையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்று விசுவாசிகள் மன்றாட்டில் நாமும் சேர்க்கிறோம்.

சட்டமன்றத் தேர்தல் வரும்போது வேட்பாளர்கள் நம் தெருவுக்கு வருவார்கள், முகாமுக்குள் போக அவர்களுக்குத் தேவை இருக்காது, அங்கே ஓட்டு இல்லை. நாடாளுமன்ற உறுப்பினரும் எப்போதாவது இந்தப் பக்கம் வருவார். அவர்களிடம் சாலையும் குடிநீரும் கேளுங்கள், நெசவாளருக்குக் கூலியும் கேளுங்கள். அதோடு, இலங்கைத் தமிழர் குடியுரிமைக்கு உங்கள் கட்சி நாடாளுமன்றத்தில் என்ன செய்யப் போகிறது என்றும் கேளுங்கள். பதில் வரும் வரை விடாதீர்கள்.