சாய்வு நாற்காலியும் பெற்றோர் கடனும்

பெற்றோர் முதுமையடைந்து, உட்கார்ந்த இடத்தைவிட்டுத் தாமே எழுந்திருக்க இயலாத நிலை வந்தபொழுது, அவர்களுக்கு மின்சாரத்தால் இயங்கும் சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கித் தருவது பிள்ளைகளின் கடமையா, அல்லது கடமையைப் பணத்தால் கழித்துக்கொள்ளும் தந்திரமா என்னும் கேள்வி சுங்கை ரம்பாய் வட்டாரத்து வீடுகளிலும் எழுந்திருக்கின்றது. பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும், கால் உயரும், இன்னும் சில வகைகளில் ஆசனம் முழுவதுமே பின்புறம் எழும்பி, உட்கார்ந்திருப்பவரை மெல்ல முன்சாய்த்து நிற்கும் நிலையில் கொண்டுவந்து விடும். இதிலென்ன தத்துவ விசாரணை வேண்டியிருக்கிறதென்று சிலர் நகைக்கக்கூடும். வேண்டியிருக்கிறதென்றே நாம் கருதுகின்றோம்.

முதலாவதாக, நாற்காலி என்பது நம்மவர்களுக்கு வெறும் மரச்சாமானாக ஒருநாளும் இருந்ததில்லை. தோட்டத்துத் துரை தமது பங்களாத் தாழ்வாரத்தில், கால்களைத் தூக்கிப் போட்டுக்கொள்ள ஏதுவாகக் கைகள் நீண்ட பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார்; ஆங்கிலத்தில் அதற்குத் தோட்டத்துரை நாற்காலியென்றே பெயர். கிராணிக்கு ஆபீசில் ஒரு நாற்காலி. பால்வெட்டுக்குப் போனவர்களோ விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றார்கள். மரத்தடியில் குனிந்து நின்றார்கள். காண்டாக் கம்பில் வாளிகளைத் தூக்கிப் பால் நிறுக்குமிடம் வரையில் நடந்தார்கள். சம்பள நாளில் ஆபீசுக்கு வெளியே மறுபடியும் நின்றார்கள். இன்று ஆபீசில் உட்கார்ந்து செம்பனைக் கணக்கு எழுதும் நாமும் அப்படி நின்ற ஒருத்தியின் வயிற்றில் பிறந்தவர்களே. ஆகவே அந்தக் கிழவி, “எனக்கெதுக்குப்பா நாற்காலி?” என்று கேட்கும்பொழுது அதை அடக்கமென்று மெச்சிக்கொள்ளலாகாது. ஆசனம் தனக்கு உரியதன்று என்று வாழ்நாள் முழுதும் கற்பிக்கப்பட்ட பாடம் அது.

இனி, இயந்திரத்தை ஆட்சேபிப்பவர்களின் வாதத்தைக் கவனிப்போம். “பெற்றவளைத் தூக்கி நிறுத்தப் பிள்ளையின் கை இருக்க மோட்டார் எதற்கு? அது அன்பில்லாத செயல்” என்கிறார்கள். கேட்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையின் கை? பிள்ளை காலையில் வேலைக்குப் போய்விடுகிறான். பகல் முழுவதும் மாமியாரின் அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறவள் மருமகள்; இல்லாவிட்டால் கலியாணமாகாத மகள். அவளுடைய இடுப்பு வலியைப் பற்றி இந்த அன்புவாதிகள் ஒரு வார்த்தையாவது பேசியதை நாம் கேட்டதில்லை. பிறருடைய முதுகெலும்பைச் செலவழித்துத் தான் புண்ணியம் தேடுவது எந்த நியாயத்தில் சேரும்?

இதனினும் பெரிய விஷயமொன்றுண்டு. தானே எழ முடியாத முதியவர் ஒவ்வொரு முறை சிறுநீர் கழிக்கவும் ஒருவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது வெட்கமாயிருக்கிறது, கூப்பிட்டவுடன் வருகிறவர்களின் முகமோ எப்பொழுதும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் அவர் செய்வது என்ன? தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். தாகமில்லை என்கிறார். நம் வீட்டிலும் அயல் வீடுகளிலும் இதைக் கண்டிருக்கின்றோம். நமது நாட்டு உஷ்ணத்தில் நீர் குறைந்தால் மலச்சிக்கலும், மூத்திரத் தாரையில் கிருமி நோயும், தலைசுற்றலும் வரக்கூடுமென்பது வைத்தியர்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாயைத் திறந்து கேளாத அந்தத் தாகத்தை ஒரு பொத்தான் தீர்க்குமானால், அந்தப் பொத்தானைச் சோம்பேறித்தனமென்று எவ்வாறு சொல்வது? அது சுயேச்சை.

நிற்க. மறுபக்கமும் இல்லாமலில்லை. தோப்பில் முகமது மீரான் எழுதி, 1997-ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற ‘சாய்வு நாற்காலி’ நாவலில், பழம்பெருமை பேசிச் சாய்ந்துகொண்டே குடும்பச் சொத்தைக் கரைக்கும் மனிதரைக் காண்கின்றோம். சொத்து மட்டுமல்ல, தசையும் சாய்வில் கரையும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியொன்றில், ஆரோக்கியமான முதியவர்கள் பத்தே நாள் படுக்கையில் இருந்ததற்குக் கால்களின் தசையில் ஏறக்குறைய ஒரு கிலோவை இழந்துவிட்டார்கள். கையூன்றி எழக்கூடிய ஒருவரை மோட்டாரே தினமும் எழுப்புமானால், சில மாதத்தில் மோட்டாரின்றி எழ முடியாதவராக நாமே அவரை ஆக்கிவிடுவோம். இதற்கு அன்பென்று பெயரிட நமக்கு மனமில்லை.

அப்படியானால் எல்லையை எங்கே வகுப்பது? அமெரிக்க அரசாங்கத்தின் முதியோர் வைத்தியக் காப்புத் திட்டமாகிய மெடிகேர் கணக்குப்பிள்ளைத்தனமாக ஒரு விடை சொல்லுகிறது. கடுமையான மூட்டு நோயோ நரம்புத் தசை நோயோ உடையவராய், சாதாரண நாற்காலியிலிருந்து அறவே எழ முடியாதவராய், எழுந்து நின்றபின் நடக்கக்கூடியவராய் இருந்தால், தூக்கும் பொறிக்கு மட்டும் அது பணம் தரும். மெத்தைக்கும் நாற்காலிக்கும் தராது. கணக்கு எழுதுகிறவர்களாகிய நமக்கு இந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. சுகம் வேறு, இயலுமை வேறு என்று ஞானிகள் நீட்டி விளக்க வேண்டியதை ஒரு கணக்கு விதி இரண்டு வரியில் சொல்லிவிட்டது. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். அவருக்கு அந்த நாற்காலி படுக்கையன்று, கால்.

ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது விளம்பரப் படத்தையல்ல, வாங்கித்தரப்படுகிறவரின் உடலை. கைகளை மார்பின்மேல் மடித்துக்கொண்டு முப்பது விநாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறதென்று எண்ணிப் பார்க்கும் சோதனை உண்டு. விழாதபடி பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு செய்விக்க வேண்டும். கொஞ்சம் உயரமான சாதாரண நாற்காலியில் எழ முடிகிறவருக்கு, இருக்கிற நாற்காலியின் கால்களுக்குக் கீழ் உறுதியான கட்டை வைப்பதே போதும். மோட்டார் அவசியமென்றால் தூக்கும் வகையையே தேட வேண்டும். வெறுமே சாயும் வகை பகல் முழுவதும் படுக்க வைத்துவிடும். பல நாற்காலிகள் நெடிய உடம்புக்கு அளவெடுத்தவை. நம் தாய்மார் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியாமல் தொங்கும். ஆசன விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அழுத்தும். வழவழப்பான போலித்தோல் நமது வெயிலில் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். சாய்வதற்குச் சுவரிலிருந்து எவ்வளவு இடம் வேண்டுமென்று கேளாமல் மலிவு வீட்டுக் கூடத்தில் இறக்கினால் கதவு திறவாது. மின்சாரம் நின்றால் கீழே இறங்க மின்கலம் உண்டா, நாற்காலி இறங்கும்பொழுது குழந்தையின் கை அடியில் அகப்படுமா என்பனவும் கேட்க வேண்டியவையே. நிமிர்ந்தவுடன் இரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றுமாதலால் சற்று நின்றே அடியெடுத்து வைக்கப் பழக்க வேண்டும். பொத்தான் கருவி அவர் கையிலேயே இருக்க வேண்டும், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுக்கல்ல.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 பிப்ரவரி முதல் இந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். தூக்கும் நாற்காலியின் விலை பெரும்பாலும் அதைத் தாண்டியே நிற்கும். ஏழைக் குடும்பத்திற்கு இது சிறு தொகையன்று. ஆனால் அதே குடும்பம் நாளை கருமாதிக்குப் பந்தல் போட்டு, ஊரைக் கூட்டி, இறந்தவருக்குப் பிரியமானதென்று பதினாறு வகை பதார்த்தம் படைக்கக் கடன் வாங்கத் தயங்குவதில்லை. படையலுக்கு முன் எழுந்து வராதவருக்குச் செலவிடத் துணிகிற நாம், எழுந்திருக்க ஆசைப்படுகிறவருக்குச் செலவிட யோசிக்கின்றோம்!

இவ்வளவும் பார்த்துத் தீர்மானித்த பின்னரும் பெற்றோர் “வேண்டாம்” என்றால் என்ன செய்வது? பணம் வீணாகுமே என்ற பயத்தால் வரும் மறுப்பானால், கணக்கை எடுத்து முன்னே வைத்து எத்தனை மாதத்தில் தீருமென்று காட்டலாம். யோக்கியதையில்லை என்ற எண்ணத்தால் வருவதானால், வாதம் செய்து பயனில்லை. உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். மனப்பூர்வமாக வேண்டாமென்றால், அவர் உடம்பு அவருடையது. அன்பின் பேரால் அதிகாரம் செலுத்த நமக்கு உரிமை கிடையாது. எம் அன்னையாரின் மறுப்பு இம்மூன்றில் எதுவென்று இன்னும் விளங்கவில்லை. சம்பளத்திற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரையே மலாக்காக் கடைக்கு அழைத்துச் சென்று, அரைமணி நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வதாக இருக்கின்றோம்.