அயலார் நிலத்தின் வழியே

இங்கிலாந்தின் வடக்கே, லங்காஷயரிலுள்ள லூன் பள்ளத்தாக்கில் பண்ணை வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. இலாபம் காணாத பெருநிறுவனங்கள் அங்கே விரைவான இணையத்தைக் கொண்டு செல்லத் தயங்கின. 2011இல் ஊரார் தாமே ஒரு சங்கம் அமைத்து, பங்குப் பணம் போட்டு, பள்ளம் தோண்டிக் கண்ணாடியிழைக் கம்பியைப் புதைக்கலாயினர்.

நாம் வியப்பது அவ்வுழைப்பையன்று. கம்பி செல்லும் வழிக்கு நிலக்காரர் கூலி கேளாததையே. ஒருவர் மறுத்திருப்பின்? தம் நிலத்தின் மீதுள்ள உரிமை, அப்பாலுள்ள வீட்டாரின் தேவையைத் தடுக்குமளவு நீளுமா?

கேள்வி பழையது. ளஹ்ஹாக் இப்னு கலீஃபா வாய்க்கால் கொண்டுவர விழைந்தபோது, இடையே நிலமுடைய முஹம்மத் இப்னு மஸ்லமா இசையவில்லை. வழிவிடுமாறு கலீஃபா உமர் (ரலி) தீர்ப்பளித்ததை இமாம் மாலிக் தம் முவத்தாவில் பதிந்துள்ளார். எனினும், உடையவரைக் கட்டாயப்படுத்தலாமா என்பதில் ஃபுகஹாக்கள் கருத்து வேறுபட்டனர்.

இணையம் நீராகுமா எனலாம். பாடமும் விண்ணப்பமும் அதன் வழியே நடக்கும் இந்நாளில் அதனை ஆடம்பரமென்பார், பெரும்பாலும் அது தடையின்றிக் கிடைக்கும் பட்டணத்தாரே! கட்டாயம் தகும் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் தோண்டியவர் வயலின் வடிகாலைச் சிதைத்தால், அதைச் சீராக்கித் தரும் பொறுப்பு அவருடையதே.