பிடித்து வைத்த இடம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாவதற்கும் கல்லூரியில் முதலாமாண்டு வகுப்புகள் தொடங்குவதற்கும் இடைப்பட்ட மாதங்களில், தமிழ்நாட்டு மாணவர் ஒருவர் பொறியியல் கலந்தாய்வு, நீட் தேர்வின் வழி நடைபெறும் மருத்துவக் கலந்தாய்வு, ஐ.ஐ.டி., என்.ஐ.டி. ஆகியவற்றுக்கான ஜோசா ஒதுக்கீடு எனப் பல வரிசைகளில் ஒரே காலத்தில் நிற்பது வழக்கமாகிவிட்டது. இவ்வரிசைகளின் கால அட்டவணைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை ஆதலால், விரும்பிய படிப்பு பின்னர் கிடைக்கக்கூடும் என்னும் எதிர்பார்ப்பில், முதலில் கிடைத்த இடத்தை ஏற்றுக் கட்டணமும் செலுத்திவிட்டு, அடுத்த பட்டியலை நோக்கிக் காத்திருப்போர் ஆண்டுதோறும் உள்ளனர். சேர்ந்து படிக்கும் உறுதியின்றி ஓர் இடத்தை இவ்வாறு பிடித்து வைத்திருப்பது அறமாகுமா என்பதே இங்கு ஆராயப்படும் வினா.

இவ்வினா புதியதன்று. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்னும் கணித அறிஞர் இருவர் 1962இல் வெளியிட்ட கல்லூரிச் சேர்க்கை பற்றிய கட்டுரை, காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்ட மாணவர் வேறொரு கல்லூரியின் இடத்தை ஏற்றுக்கொண்டு, முதற்கல்லூரி பின்னர் அழைத்ததும் அதைக் கைவிடுவது முறையா என்ற ஐயத்தையும் தொடக்கத்திலேயே எழுப்புகிறது. அவர்கள் கண்ட தீர்வு ‘ஒத்திவைத்த ஏற்பு’ எனப்படும்; அதாவது, மாணவர் தம் முதல் விருப்பத்திலிருந்து தொடங்கி விண்ணப்பிக்க, ஒவ்வொரு கல்லூரியும் தகுதி மிக்கோரைத் தற்காலிகமாக மட்டும் நிறுத்திவைத்து, மேலும் தகுதியுடையோர் வரும்போது அவர்களுக்கு இடமளித்து, எல்லாச் சுற்றுகளும் முடிந்த பின்னரே முடிவை உறுதிசெய்யும் முறை. ஷாப்லிக்கு 2012இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்ததில் இவ்வாய்வுக்குப் பெரும் பங்குண்டு. அறநோக்கில் இம்முறை உணர்த்துவது முக்கியமானது: தற்காலிகமானது என்று அனைவரும் அறிந்திருக்கையில், ஓர் இடத்தை வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பதில் வஞ்சகம் ஏதுமில்லை. பொறியியல் கலந்தாய்வில் ஒதுக்கப்பட்ட இடத்தை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே குறித்த விருப்பத்துக்கு உயர்த்துமாறு கோரும் வாய்ப்பை மாணவருக்கு அரசே அளித்திருப்பது இக்கருத்துக்கு ஒத்ததே ஆகும்.

சிக்கல் எழுவது ஒரு வரிசையின் எல்லையைக் கடந்து இன்னொரு வரிசைக்குச் செல்லும்போதுதான். மருத்துவ இடம் உறுதியான மாணவரின் பெயர் பொறியியல் ஒதுக்கீட்டிலிருந்து தானாக நீங்குவதில்லை. அவர் எழுத்துமூலம் விலகும் வரை அவ்விடம் அவருடையதாகவே எண்ணப்படும். இதனால் இழப்புறுபவர் முகமறியாதவர் ஆயினும் அவர் யார் என்பது ஐயமின்றிக் குறிக்கப்பட்டுள்ளது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200க்குக் கணக்கிடப்படும் கட்-ஆஃப் மதிப்பெண்ணில் அரை மதிப்பெண் குறைந்து, அதே வகுப்புப் பிரிவில் அடுத்து நிற்பவரே அவர். குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் படித்திருக்கக்கூடிய அவர், அவ்விடம் உரிய சுற்றில் காலியாகாத ஒரே காரணத்தால், கடன் வாங்கித் தொலைவிலுள்ள தனியார் கல்லூரியில் சேர நேரலாம். பின்னர் டிப்ளமோ முடித்தோர் நேரடியாக இரண்டாமாண்டில் சேரும்போது சில இடங்கள் நிரம்பலாம் என்றாலும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் காத்திருந்தவருக்கு அதனால் பயனில்லை.

ஆகவே குற்றம் காத்திருப்பதில் இல்லை; முடிவு செய்த பின்னும் வாய்திறவாதிருப்பதில் உள்ளது. எங்கே சேர்வது என்று தெளியாத நாள்வரை மாணவர் தம் இடத்தை விடாமல் வைத்திருப்பது தற்காப்பு. பதினேழு வயதில் வாழ்நாள் முழுவதையும் பாதிக்கும் தேர்வைச் செய்ய வேண்டியவரிடம் அதைத் துறக்கச் சொல்வது கொடுமையாகும். ஆனால் தெளிந்த பிறகு, ‘இருக்கட்டுமே, பார்க்கலாம்’ என்று வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் பிறருடைய உரிமையிலிருந்து எடுத்துக்கொண்ட நாள்.

இப்பழியை மாணவர்மீதும் பெற்றோர்மீதும் மட்டும் சுமத்துவது நேர்மையன்று. கலந்தாய்வு தொடங்கும் முன்பே முழு ஆண்டுக் கட்டணத்தையும் மாற்றுச் சான்றிதழ் உள்ளிட்ட மூலச் சான்றிதழ்களையும் பெற்றுக்கொண்டு, விலக வருவோரை அலைக்கழிக்கும் கல்லூரிகள், உண்மையை மறைக்கும் பழக்கத்தைக் குடும்பங்களுக்குக் கற்பிக்கின்றன. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் மாணவரிடமே திருப்பித்தர வேண்டும் எனவும், விலகும் நாளைப் பொறுத்த விகிதத்தில் கட்டணத்தைத் திரும்ப வழங்க வேண்டும் எனவும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டது. அவ்வாறிருந்தும், கட்டிய பணம் திரும்பாது என்று அஞ்சும் தந்தை, மகளுடைய இடத்தை உடனே விட்டுக்கொடுக்கத் தயங்குவதைப் பேராசை என்று கூறிவிட முடியாது.

தண்டத்தொகை விதித்தால் சிக்கல் தீரும் என்பர் சிலர். மருத்துவக் கலந்தாய்வின் பிந்தைய சுற்றுகளில் இடம்பெற்றுச் சேராதோர் வைப்புத்தொகையை இழப்பது இந்நோக்கில் அமைந்த விதியே. ஆயினும் வசதி படைத்தோர் அதை இடத்தைப் பிடித்து வைப்பதற்கான வாடகையாகக் கருதிச் செலுத்திவிடுவர். ஏழை மாணவரோ அத்தொகைக்கு அஞ்சி, தமக்கு உரிய காத்திருப்பையே கைவிடுவார். ஒரே விதி இருவரிடம் இருவேறு விதமாக இயங்குவதால், தண்டம் கடமைக்கு ஈடாகாது. அட்டவணைகளை இணைத்து, ஓரிடத்தில் சேர்ந்தவரின் பெயரை மற்ற வரிசைகளிலிருந்து நீக்கும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியது அரசின் பொறுப்பு. அது நிறைவேறும்வரை, முடிவெடுத்த அன்றே விலகல் கடிதத்தை அளிப்பது மாணவரும் பெற்றோரும் தவிர்க்கக் கூடாத கடமையாகும். பொறியியல் சேர்க்கையில் துணைக் கலந்தாய்வும் முடிந்துவிட்டால், அதன்பின் துறக்கப்படும் இடத்தை ஒதுக்க அந்த ஆண்டில் பெரும்பாலும் வேறு சுற்று இல்லை.