உருண்டைக்குள் உணவு

எங்கள் வீட்டுப் பூனைக்கு ஒரு கெட்ட பழக்கம். தட்டில் வைத்ததை மெல்லாமல் விழுங்கும். விழுங்கியதைப் பத்து நிமிஷத்தில் கூடத்திலேயே கக்கிவிடும். மிருக வைத்தியர் ஒரு யோசனை சொன்னார். துளைகள் உள்ள பிளாஸ்டிக் உருண்டைக்குள் உலர்ந்த தீனியைப் போட்டு உருட்டிவிட வேண்டும். பூனை காலால் தட்டத் தட்ட, ஒன்றிரண்டாக வெளியே உதிரும். அப்படியே செய்தோம், கக்குவது குறைந்தது.

ஒரு நாள், வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு இந்த வேடிக்கையைப் பார்த்தாள். "சோத்துக்கு நாங்க படுற பாடு போதாதா, சார்? இதுக்கும் அந்தத் தலையெழுத்தா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதில் என்னிடம் தயாராகவே இருந்தது. உடலால் உழைக்காதவனுக்கு உண்ணும் உரிமை இல்லை என்பது காந்தியடிகளின் கொள்கை. விஞ்ஞானமும் என் பக்கம் நின்றது. 1963-ல் கிளென் ஜென்சன் என்ற மனோதத்துவ நிபுணர் எலிகளை வைத்துச் சோதித்தார். கிண்ணத்தில் உணவு சும்மா கிடந்தபோதும், பல எலிகள் கட்டையை அழுத்திச் சம்பாதித்துத் தின்னவே விரும்பின. உழைப்பில் ஓர் இன்பம் இருக்கிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் பூனை எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது. கலிபோர்னியாவில் 17 வீட்டுப் பூனைகளின் முன்னே தட்டையும் புதிர்ப் பெட்டியையும் வைத்துப் பார்த்தார்கள். 2021-ல் வெளியான முடிவு: பெரும்பாலும் அவை தட்டையே நாடின.

அப்படியானால் எந்த உரிமையில் நான் அதன் உணவை ஒளித்து வைக்கிறேன்? நாங்கள் இருப்பது அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அருகில். ஓயாமல் லாரி ஓடும் தெரு. பூனைக்கு ஆபத்து என்று ஜன்னலை அடைத்தேன். நாள் முழுதும் பதுங்கிப் பாய்ந்து, சிறிது சிறிதாகத் தின்ன வேண்டிய பிராணிக்கு வேட்டையைப் பறித்துவிட்டுத் தட்டைக் கொடுத்தேன். பறித்ததில் ஒரு துளியைத்தான் அந்த உருண்டை திருப்பித் தருகிறது. மாலையில் உள்ளே மிஞ்சியதைத் தட்டில் கொட்டிவிடுவேன். தோற்றாலும் அதற்குப் பட்டினி இல்லை.

இந்த நியாயத்தை மனிதர்மேல் நீட்டக் கூடாது. எங்களுக்கு அடுத்த ஆவடியில்தான் 1955-ல் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானித்தது. மறு வருஷமே காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் வந்தது. இலவசச் சோறு மனிதனைச் சோம்பேறியாக்கும் என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. அதைச் சொல்பவர் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர். பிறர் உணவுக்குத் தடை வைப்பவன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தடையால் நன்மை யாருக்கு? தடையைத் தாண்ட முடியாதவனுக்குச் சோறு உண்டா?

மறுநாள் இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொல்ல நினைத்தேன். அவளோ காபியை நின்றபடியே, சூடு ஆறுமுன் மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டதாம். பூனையின் அவசரத்துக்கு மருந்து தேடிய எனக்கு, இந்த அவசரம் இத்தனை நாளும் கண்ணில் படவில்லை.