பெயர் சொல்லும் கடன்

மதுரைக்காரரான நச்சினார்க்கினியர், சீவக சிந்தாமணி உரையில் பழம்பாடல் வரிகளை ஏராளமாக எடுத்துக்காட்டுகிறார். பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்வதில்லை. பிறரும் இப்படிச் சொன்னதாக மட்டும் குறித்துவிட்டுப் போய்விடுவார். அவர் காலத்துப் படிப்பாளிகளுக்கு அந்த வரிகள் மனப்பாடமாக இருந்திருக்கும். பின்னால் அந்த நூல்களையே தமிழர்கள் மறந்துபோனார்கள். 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்காக உழைத்தபோது, உ.வே.சாமிநாதையருக்கு அந்த மேற்கோள்கள் பெரும் புதிராக நின்றன. ஏடுகளைத் தேடித் தேடிப் படித்த பிறகுதான், அவற்றில் பல பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் உள்ளவை என்பது தெரிந்தது. தம் பதிப்புகளில் அவர் ஏடு தந்தவர்களின் பெயர்களையும் நன்றியோடு எழுதிவைத்தார்.

நச்சினார்க்கினியர் செய்தது திருட்டு ஆகாது. பிறர் சொன்னது என்பதை அவர் மறைக்கவில்லை. இன்று கல்லூரி அசைன்மென்டில் ஒரு பத்தியை அப்படியே எடுத்துத் தன் பெயரில் கொடுக்கும் மாணவர் மறைக்கிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்த மாணவர் யார்? உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்தவராக இருக்கலாம். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் நோட்ஸில் இருந்ததை வரி பிசகாமல் எழுதியதற்குத்தான் அவருக்கு மதிப்பெண் கிடைத்தது. அதே செயலுக்குக் கல்லூரியில் திடீரென்று தண்டனை என்றால், கற்பிக்காத நெறிக்கு அவரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. அதற்காக அது சரியென்றும் ஆகிவிடாது: இரவெல்லாம் விழித்துச் சொந்தமாக எழுதிய பக்கத்து இருக்கைத் தோழிக்கு அதனால் அநீதி நேர்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகள், ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை என்கின்றன. 60 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்தாகும். இந்தக் கணக்கு தேவைதான். ஆனால் ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கித் தன் கருத்தாகக் காட்டுகிறவரை இது எளிதில் பிடிக்காது. மூலநூலைத் திறந்தே பார்க்காமல், வேறொருவரின் அடிக்குறிப்பை வாங்கித் தன் அடிக்குறிப்பாக்கும் பழக்கத்தையும் பிடிக்காது. எண்ணிக்கை குறைந்தால் போதும் என்று சொற்களை மட்டும் மாற்றுகிறவர் விதியைக் காப்பாற்றுகிறார், நேர்மையைக் கைவிடுகிறார்.

எழுத்தில்லாதவர்களிடம் பட்ட கடன் இதைவிடப் பெரியது. மேலூர் வயல்காட்டில் நடவுப் பாட்டுப் பாடிய பாட்டியை ஒப்புமை தேடும் எந்த மென்பொருளும் அறியாது. ஆய்வேட்டின் தகவலாளர் பட்டியலில் அவர் பெயர், வயது, ஊர் விடுபட்டால் கேட்க ஆளில்லை. அவருக்கு இருக்கும் ஒரே காவல் ஆய்வாளரின் மனசாட்சிதான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் பருவத்திலேயே ஒரு வகுப்பை மேற்கோள் நெறிக்கென ஒதுக்குங்கள். ஒரு மேற்கோளைக் கொடுத்து, நூலகத்தில் அதன் மூலத்தைத் தேடிவரச் சொல்லுங்கள். மதிப்பெண் குறைப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.